எடுத்த ரத்தமும் கொடுத்த ரத்தமும்

மாமா ஒரு டாடா ஏஸ் வண்டியைப் பிடித்து, நாலு பையன்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்து இறங்கியபோது காலை ஏழு மணி இருக்கும். நான் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் இருந்ததிலேயே வாட்டசாட்டமான ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். இரண்டு பேர் கபடி ஆடுகிறவர்கள். ஒருவன் மாடு பிடிக்கிறவன். நாலாவது, மாமாவின் சொந்த மகன்.

“மாப்ளே, எத்தன பாட்டில் வேணும்னு மட்டும் கேட்டுச் சொல்லு. பத்தலேன்னா இன்னும் ஆளு ரெடியா நிக்கிறாய்ங்க.”

ஜல்லிக்கட்டுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. அந்த நேரத்தில் மாடு பிடிக்கிறவன் ஒருவன் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டுகிறான் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும்.

அன்று 2020 ஜனவரி 11. அம்மா ஐசியூவுக்குள் போய், வென்டிலேட்டர் என்ற மூச்சு மெஷினில் கிடந்து 25ஆம் நாள். முந்தின நாள் பார்த்த ஹீமோகுளோபின் 7.8. உள்ளே போகும்போது 13.8 இருந்தது. நான்தான் மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்: “ரத்தம் கொறஞ்சு போச்சு மாமா. அதான் மெஷின எடுக்க முடியல.” எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த ‘அதான்’ நானாகச் சேர்த்துக்கொண்டது. அந்த ஒரு சொல் என்னை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது என்பதை எழுதிவிடலாம் என்று ரொம்ப நாளாக ஒரு எண்ணம்.

அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். 1984இல் சேர்ந்து 2010இல் ஓய்வு பெற்றார். அந்த 26 வருடத்தில் முக்கால்வாசி விறகடுப்புதான். ஓடு வேய்ந்த சின்னக் கொட்டகை, ஒரே ஜன்னல், நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குச் சோறு. வீட்டுக்கு வந்தால் இங்கேயும் விறகு. பீடி, சுருட்டு என்று எதையும் தொட்டதில்லை, ஆனால் நுரையீரல் படத்தைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டதே, “அம்மா புகை பிடிப்பாங்களா?” என்றுதான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. சி.ஓ.பி.டி. என்பார்கள். அந்த மார்கழியில் காய்ச்சல் வந்து, அது நிமோனியாவாகி, டிசம்பர் 18 ராத்திரி வாய் வழியாகக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் தொண்டையில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். நிமோனியா அடங்கிவிட்டது, காய்ச்சல் இல்லை, கண்ணைத் திறந்து பார்க்கிறார், கையைப் பிடித்தால் பதிலுக்குப் பிடிக்கிறார். மெஷினை மட்டும் எடுக்க முடியவில்லை.

எடுக்கப் பார்ப்பதற்கு அங்கே ‘ட்ரையல்’ என்று பெயர். மெஷினைக் கழற்றிவிட்டு, தொண்டைக் குழாயில் ஈரப்பதமான ஆக்சிஜனை மட்டும் வைத்து, நோயாளியைத் தன் மூச்சில் விடுவார்கள். பதினோரு மணிப் பார்வை நேரத்தில் நான் உள்ளே போகும்போது பல நாள் அது நடந்துகொண்டிருக்கும். முதல் பத்து நிமிடம் அம்மா முகம் தெளிவாக இருக்கும். இருபதாவது நிமிடத்தில் தோள் ஏறி இறங்கும். நாற்பதைத் தொடும்போது கழுத்து நரம்பு புடைத்து, நெற்றியில் வியர்வை அரும்பி, என்னைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். போதும்டா என்கிறார். சிஸ்டர் வந்து மறுபடி மெஷினை மாட்டிவிடுவார்.

நான் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். எண் கிடைத்தால் விடமாட்டேன். டியூட்டி டாக்டர், முப்பது வயது இருக்கும், பொறுமையான பெண், ஒருநாள் ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் எத்தனை லிட்டர் காற்று போகிறது என்பதால் வகுக்க வேண்டும். 1991இல் அமெரிக்காவில் யாங், டோபின் என்ற இருவர் வெளியிட்டது. விடை 105க்குக் கீழே இருந்தால் மெஷினை விட்டு வர வாய்ப்பு அதிகம். மேலே போனால் கஷ்டம். அம்மாவுக்கு 34 மூச்சு, ஒவ்வொன்றும் 240 மில்லி. வகுத்துப் பார்த்தால் 142 வருகிறது. அன்றிலிருந்து தினமும் ஒரு சின்ன நோட்டில் அதைக் குறித்துக்கொண்டு வந்தேன். 142, 138, 145. கீழே இறங்குவேனா என்றது.

இந்த நிலையில்தான் ஹீமோகுளோபின் 7.8 என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ரத்தம் என்றால் தெம்பு. ஆள் வெளுத்துப்போனால் ‘ரத்தம் செத்துப்போச்சு’ என்போம். கவலைப்பட்டால் ‘ரத்தம் சுண்டிப்போச்சு’. பேரீச்சம்பழம் தின்றால் ‘ரத்தம் ஊறும்’. பிள்ளை பெற்றவளுக்கு ஆட்டுச் சுவரொட்டியை வாங்கி வதக்கிக் கொடுப்பதும் இதற்குத்தான். தெம்பு இல்லாமல்தான் மூச்சு விட முடியவில்லை, ரத்தம் ஏற்றினால் தெம்பு வரும். இதில் என்ன சந்தேகம்?

பெரிய டாக்டர் முடியாது என்றுவிட்டார். 7.8க்கு ரத்தம் தேவையில்லை, 7க்குக் கீழே போனால் பார்க்கலாம் என்றார். சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நடந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. வெளியே நாலு பையன்கள் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இந்த மனுஷன் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறாரே என்று இருந்தது. மாமா ஒரு படி மேலே போய், தன் மகனின் ரத்தத்தை எடுத்துச் சுடச்சுட அத்தைக்கு ஏற்றச் சொன்னார். “சொந்த ரத்தம் சார், சேந்துக்கும்.”

டியூட்டி டாக்டர்தான் எங்களை உட்கார வைத்துப் பேசினார். “சொந்த ரத்தத்துலதான் சார் ஒரு சிக்கல் இருக்கு,” என்றார். நெருங்கிய உறவினரின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியன் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். வந்த வெள்ளணுக்கள் உள்ளே தங்கிப் பெருகி, நோயாளியின் உடம்பையே தாக்க ஆரம்பிக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் ஆள் பிழைப்பதில்லை. அதனால்தான் உறவினர் ரத்தம் என்றால் அந்த ரத்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்றுவார்கள். மாமா வாயைத் திறக்கவில்லை. வாழ்நாளில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சரி, வந்தது வந்துவிட்டோம், ரத்த வங்கியில் கொடுத்து வைப்போம், எப்போதாவது தேவைப்பட்டால் ஆகும் என்று பையன்களைக் கூட்டிப் போனேன். அங்கே வேறு கதை. கபடிக்காரன் ஒருவனுக்கு ஹீமோகுளோபின் 12.1. கொடுக்கிறவனுக்கு 12.5 இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாடு பிடிக்கிறவன் போன மாதம்தான் புஜத்தில் காளைத் தலையைப் பச்சை குத்தியிருந்தான்; பச்சை குத்தினால் ஒரு வருடம் கொடுக்கக் கூடாதாம். கடைசியில் மாமா மகனும் இன்னொரு கபடிக்காரனும் ஆளுக்கு 350 மில்லி கொடுத்தார்கள். மொத்தம் 700. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

டியூட்டி டாக்டர் சில ஆய்வுகளின் பெயரை என் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது படிக்க மனமில்லை. மார்ச்சில் ஊரடங்கு வந்து கடை சாத்தியிருந்தபோது, போனில் தேடித் தேடி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். என் கோபம் அவ்வளவு முட்டாள்தனமானது இல்லை என்று தெரிந்தது முதல் ஆறுதல்.

கணக்கு இப்படி. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 13.8 இருந்தபோது அம்மாவின் ரத்தம் 100 மில்லிக்கு 17, 18 மில்லி ஆக்சிஜனைச் சுமந்தது. 7.8இல் அது 10. சுமை தூக்குகிற ஆள் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டால், இருக்கிற ஆள் இரண்டு நடை நடக்க வேண்டும்; அதனால் இதயம் வேகமாக ஓடுகிறது. நல்ல உடம்பில் மூச்சுவிடும் வேலைக்கு ஆகும் ஆக்சிஜன் மொத்தச் செலவில் 5 சதவீதத்துக்கும் குறைவு. அம்மா மாதிரி ஆட்களுக்கு அது பல மடங்கு ஏறிவிடும். வரவு பாதி, செலவு பல மடங்கு. எந்தக் கடையும் ஓடாது.

இதையே யோசித்த டாக்டர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் ஷோன்ஹோஃபர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1998இல் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஒன்றில் ஐந்தே பேர். ஐவரும் அம்மா மாதிரி சி.ஓ.பி.டி.காரர்கள், ரத்தம் குறைந்து, வென்டிலேட்டரை விட்டு வரமுடியாமல் கிடந்தவர்கள். ஹீமோகுளோபினை 12க்குக் கொண்டுபோனதும் ஐந்து பேரும் மெஷினை விட்டு வந்துவிட்டார்கள். இன்னொன்றில் இருபது பேர், பாதிப் பேருக்கு சி.ஓ.பி.டி., பாதிப் பேருக்கு நுரையீரல் நோய் இல்லை. ரத்தம் ஏற்றிய பிறகு சி.ஓ.பி.டி.காரர்கள் நிமிடத்துக்கு இழுத்த காற்று 9.9 லிட்டரிலிருந்து 8.2 லிட்டராகக் குறைந்தது. மூச்சுவிடும் உழைப்பும் குறைந்தது. மற்றவர்களுக்கு மாற்றம் ஒன்றும் இல்லை. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் கேட்டது சரிதானே, 12க்குக் கொண்டுபோயிருந்தால் பத்து நாள் முன்னாலேயே வந்திருப்பாரோ என்று புரண்டுகொண்டிருந்தேன்.

அப்புறம் மற்றதைப் படித்தேன். ஹீமோகுளோபின் 10 இருக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் 1942இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸ், லுண்டி என்ற இருவர் அறுவை சிகிச்சை நோயாளிகளுக்காக எழுதியதிலிருந்து கிளம்பியது. அது அவர்களின் அனுபவக் கணிப்பு. சோதித்துப் பார்த்த எண் இல்லை. ஆனாலும் ஐம்பது வருடம் போல ஓடியது. கனடாக்காரர்கள்தான் அதைச் சோதனைக்கு வைத்தார்கள். 1999இல் வெளிவந்தது, 838 ஐசியூ நோயாளிகள். ஒரு பாதிக்கு 7க்குக் கீழே போனால்தான் ரத்தம். மறு பாதிக்கு 10க்குக் கீழே போனாலே ரத்தம். முப்பது நாளில் இறந்தவர்கள் முதல் பாதியில் 18.7 சதவீதம், ரத்தம் தாராளமாகக் கொடுத்த பாதியில் 23.3. வித்தியாசம் தற்செயலாகக்கூட இருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் அதிகம் ரத்தம் கொடுத்ததால் லாபம் இல்லை என்பது மட்டும் தெளிவு.

எனக்கு வேண்டியிருந்தது அதிலிருந்து பிரித்தெடுத்த இன்னொரு கட்டுரை. அந்த 838 பேரில் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் 713 பேர். அவர்களை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். குறைவாக ரத்தம் பெற்றவர்கள் சராசரியாக 8.3 நாள் மெஷினில் இருந்தார்கள். அதிகம் பெற்றவர்களும் 8.3 நாள். கணக்கு எழுதுகிறவனுக்கு இப்படி இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் முதலில் சந்தேகம்தான் வரும், எங்கோ இரண்டு முறை எழுதிவிட்டோமோ என்று. மூன்று முறை திரும்பப் படித்தேன். அதேதான்.

இருந்தாலும் எட்டு நாள் கணக்கு வேறு, மாதக்கணக்கில் கிடப்பவர்கள் கணக்கு வேறு என்று வாதாட இடம் இருக்கிறது. இப்போதும் நான் மனசுக்குள் வாதாடுகிறேன். பிரிட்டனில் 55 வயது தாண்டிய, நாலு நாளாவது மெஷினில் இருந்த நூறு பேரை வைத்து 2013இல் ஒன்று வந்தது. அதிலும் குறைவாக ரத்தம் பெற்றவர்களில்தான் ஆறு மாதத்தில் இறப்பு குறைவு, 37 சதவீதம்; அதிகம் பெற்றவர்களில் 55. நூறு பேர் என்பது சின்னக் கூட்டம், அதுவும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஷோன்ஹோஃபரின் ஐந்து பேரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய டாக்டரிடம் சண்டைக்குப் போயிருக்க முடியாது. அந்தக் கட்டுரையை நான் அப்போதே படித்திருந்தால் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

சரி, மறுபடி அந்த ஜனவரிக்கு வருகிறேன்.

மூன்று நாளைக்கு ஒருமுறை இடைக்கால பில் கொடுப்பார்கள். நான் கூட்டல் சரிதானா என்றுதான் பார்ப்பேன். பையன்களை ஊருக்கு அனுப்பிய அன்று மதியம் வராந்தாவில் உட்கார்ந்து பழைய பில்களையெல்லாம் விரித்தேன். கோபத்தில் ஏதாவது தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறி. தொகையை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எண்ணினேன். தமனி ரத்தத்தில் வாயுக்களைப் பார்க்கும் ஏ.பி.ஜி. சோதனை 74 முறை. முழு ரத்த எண்ணிக்கை 22. உப்பு, சிறுநீரகம், ஈரல் வகையறா 33. உறைதல் சோதனை 7. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் 5. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடுப்பீர்கள் என்று ஒரு சிஸ்டரிடம் கேட்டேன். என்ன கேள்வி இது என்று பார்த்தார், ஆனாலும் சொன்னார். ஏ.பி.ஜி.க்கு 2 மில்லி. ஆனால் கையில் சொருகியிருக்கும் லைனிலிருந்து எடுக்கும்போது முதலில் வரும் 3 மில்லியில் மருந்துத் தண்ணீர் கலந்திருக்கும் என்று கொட்டிவிடுவார்கள். கல்ச்சருக்கு இரண்டு குப்பியும் சேர்த்து 20.

கூட்டினேன். 690 மில்லி சொச்சம்.

அம்மா 46 கிலோ. அந்த உடம்பில் மொத்த ரத்தமே மூன்று லிட்டர்தான் இருக்கும். 24 நாளில் கிட்டத்தட்டக் கால்வாசியைச் சொட்டுச் சொட்டாக வெளியே எடுத்திருக்கிறார்கள். அன்று காலைதான் இரண்டு வாலிபர்கள் படுத்து, கையை மடக்கி மடக்கி 700 மில்லி கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதில் அந்த ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாளைக்கு 29 மில்லிதான் வருகிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், மேற்கு ஐரோப்பாவின் 140க்கும் மேற்பட்ட ஐசியூக்களில் சராசரியாக ஒரு நாளைக்கு 41 மில்லி எடுத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க இப்படித்தான். ரத்த வங்கியிலிருந்து வரும் ஒரு பைக்கு இரண்டு கையெழுத்து, நேரம், எண், தேதி. வெளியே போகும் ரத்தத்துக்கு வவுச்சர் கிடையாது. கொட்டிவிடும் 3 மில்லி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. எங்கள் கடையில் ஒரு மூட்டை சீரகத்தில் கால் மூட்டை இப்படிக் காணாமல் போயிருந்தால் முதலாளி என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார்.

எடுத்ததை உடம்பு ஊறவைத்துக்கொள்ளாதா? நல்ல நாளில் ஊறும். ரத்தம் கொடுத்துவிட்டுப் போன பையன்களுக்கு ஊறியிருக்கும். உடம்பில் அழற்சி இருக்கும்போது ஈரல் ஹெப்சிடின் என்று ஒரு பொருளை அதிகமாகச் சுரக்கிறது. அது இரும்பை வெளியே விடாமல் பூட்டிவிடுகிறது. கிட்டங்கி நிறையச் சரக்கு கிடக்கிறது, சாவி மட்டும் வரமாட்டேன் என்கிறது. சிறுநீரகம் அனுப்ப வேண்டிய ‘ரத்தம் உற்பத்தி செய்’ என்ற உத்தரவும் மந்தமாகிவிடுகிறது. அந்த உத்தரவையே ஊசியாகப் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்திருக்கிறது, 1,460 பேரை வைத்து. ரத்தம் ஏற்றும் தேவை குறையவில்லை. ரத்தக்கட்டிகள்தான் கூடின.

சாயங்காலம் அந்தக் கணக்குத் தாளை டியூட்டி டாக்டரிடம் நீட்டினேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் கடைசி வரை படித்துவிட்டு, “இத நீங்களே போட்டீங்களா சார்?” என்று கேட்டார். தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து ஏ.பி.ஜி. நாளைக்கு ஒன்றாகக் குறைந்தது. மற்ற நேரம் விரலில் மாட்டும் கருவியும் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைப் பார்க்கும் கருவியும் போதும் என்றார்கள். குழந்தைகளுக்கு வைத்திருந்த சின்னக் குழாய்களில் ரத்தம் எடுத்தார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி ஊசி குத்துவதை நிறுத்தி எட்டு மணிக்கு மாற்றினார்கள். இதை ஏதோ என் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆசையாக இருந்தது. பிற்பாடு 2023இல் கனடாவில் 25 ஐசியூக்களில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்து வெளியிட்டார்கள். சின்னக் குழாய்க்கு மாறியதில் நூறு நோயாளிகளுக்குச் சுமார் பத்துப் பை ரத்தம் மிச்சமாகியிருக்கிறது, சோதனைகளுக்குக் குறை எதுவும் வராமல். குழாயின் அளவை மாற்றினால் போதும். இப்போதும் அதை நினைத்தால் வாயடைத்துப் போகிறது.

ஆனால் எங்களுக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது. மாட்டுப் பொங்கல் அன்று காலை ஹீமோகுளோபின் 6.8. பெரிய டாக்டரே கூப்பிட்டார். “இப்ப ஒரு யூனிட் குடுக்கலாம்.” சொன்ன சொல்லில் நிற்கிற மனுஷன் என்று அன்றைக்குத்தான் அவர் மேல் ஒரு மரியாதை வந்தது.

மாமா ஊரில் மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு நேரே பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. திறந்தால் வதக்கிய சுவரொட்டி. மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி போகிற ஆளுக்கு இதை எப்படி மாமா கொடுப்பது என்றேன். “நீ தின்னு, மாப்ளே. நீயும் வெளுத்துத்தான் இருக்க,” என்றார்.

பை வந்தது. நாவல்பழத்தை நசுக்கின நிறம். சிவப்பணுக்கள் மட்டும், 250 மில்லி அளவுக்கு. டியூட்டி டாக்டர் எங்களைக் கதவோரம் நின்று பார்க்கவிட்டார். இரண்டு சிஸ்டர்கள் எதிரெதிரே நின்று, பையில் இருந்த எண்ணையும் அம்மா கையில் கட்டியிருந்த பட்டையின் எண்ணையும் சத்தமாகப் படித்தார்கள். பி பாசிட்டிவ். எடுத்த தேதி டிசம்பர் 23. மாமா காதில் அது விழுந்துவிட்டது.

“இருபத்தி நாலு நாள் பழைய ரத்தமா? நம்ம பய போன வாரம் குடுத்தது இருக்குல்ல?”

4 டிகிரியை ஒட்டிய குளிரில் வைத்தால் இந்தப் பை 42 நாள் தாங்கும். வைக்க வைக்கச் சிவப்பணுக்கள் கொஞ்சம் விறைத்துப்போகும், ஆக்சிஜனைத் திசுக்களிடம் இறக்கிவைக்க உதவும் ஒரு பொருளும் குறைந்துபோகும் என்பது உண்மை. உள்ளே போய் ஒரு நாள் போலக் கழிந்தால்தான் அது திரும்ப ஏறும். அதனால் புது ரத்தம் உசத்தி என்று டாக்டர்களே ரொம்ப நாள் நினைத்திருக்கிறார்கள். 2015இல் 2,430 ஐசியூ நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஆறு நாள் வாக்கில் ஆன ரத்தமும் மறு பக்கம் சராசரி 22 நாள் ஆனதும் கொடுத்துப் பார்த்தார்கள். புதுசில் லாபம் எதுவும் இல்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. “குளிர்சாதனப் பெட்டியில வெச்சிருப்பாங்க மாமா, கெடாது,” என்று மட்டும் சொன்னேன். பால் பாக்கெட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

முதல் பதினைந்து நிமிடம் மெதுவாகச் சொட்டவிட்டு, சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார். காய்ச்சல், நடுக்கம், தடிப்பு ஏதாவது வருகிறதா என்று பார்க்க. அப்புறமும் வேகமாக விடவில்லை. நாலு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், ஆனால் அம்மா மாதிரி உடம்பில் அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அப்படிக் கோத்துக்கொண்டால் மூச்சு வருவதற்குப் பதிலாக இருக்கிற மூச்சும் போய்விடும். இன்னொன்றும் உண்டு, கொடுத்தவரின் ரத்தத்தில் இருக்கும் ஏதோவொன்று நுரையீரலைச் சீண்டி ஆறு மணி நேரத்துக்குள் வீங்க வைத்துவிடும். அரிது. நடுவில் உடம்பு நீரை இறக்கும் லாசிக்ஸ் ஊசி ஒன்று போட்டார்கள். மூன்றரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பொங்கல் பாட்டு ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது. மாமா இமைக்காமல் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழாவில் சாமி வருவதைப் பார்க்கிற கண்.

அடுத்த நாள் ஹீமோகுளோபின் 7.9. மெஷினைக் கழற்றியதும் அம்மா எழுந்து நடப்பார் என்ற நினைப்பில் பதினோரு மணிக்குப் போனேன். முப்பத்தைந்து நிமிடம். ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் நாற்பது தாங்கியவர், ஏற்றிய பிறகு முப்பத்தைந்து.

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். டியூட்டி டாக்டர் இறங்கி வந்தார். “மூச்ச இழுக்கிறது தசை சார். அது ஒரு மாசமா சும்மா கெடந்துச்சு,” என்றார். அவர் சொன்ன இன்னொரு ஆய்வு, 2008இல் வந்தது: மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்த 14 பேரின் உதரவிதானத்தை, அதாவது மூச்சை இழுக்கும் அந்தத் தசையை, எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மெஷின் மூச்சுவிட, அந்தத் தசை 18 மணி முதல் 69 மணி நேரம் வரை வேலையில்லாமல் இருந்திருக்கிறது. அவ்வளவுதான், அதற்குள் தசைநார்கள் பாதிக்குமேல் மெலிந்துவிட்டன. மூன்று நாளுக்குள் அப்படியென்றால் முப்பது நாளில்? கையை மாதக்கணக்கில் மாவுக்கட்டில் வைத்திருந்துவிட்டு, கட்டைப் பிரித்த அன்றே நெல் மூட்டையைத் தூக்கச் சொல்கிற கதைதான்.

மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம். ஆறாம் நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை. என் நோட்டில் 26 மூச்சு, 310 மில்லி, விடை 84. ஜனவரி 27, நாற்பத்தொன்றாம் நாள், ஒரு முழு ராத்திரியும் மெஷின் இல்லாமல் கழிந்தது. சிஸ்டர் மெஷினைத் துடைத்து மூலைக்குத் தள்ளிவைத்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எது செய்தது? அந்த வாரத்தில் ரத்தம் ஏறியது. அதே வாரத்தில் லாசிக்ஸால் உடம்பிலிருந்து ஒன்றரை லிட்டர் நீர் இறங்கியது. சளி குறைந்தது. பிசியோதெரபிஸ்ட் தம்பி அம்மாவைத் தினம் இரண்டு முறை நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தான். விடிகாலை ஊசி நின்றதால் அம்மா தூங்கினார். என் கணிப்பில் அந்தத் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு, நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, “ஒரு ஆள வெச்சு எதையும் சொல்ல முடியாது சார்,” என்றார். ஐந்து பேரை வைத்தும் சொல்ல முடியாது போலிருக்கிறது.

பிப்ரவரி 12 அன்று வீட்டுக்கு வந்தோம். அப்போது 9.1. ஜூன் மாதம் பார்த்தபோது 11.6. நடுவில் இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை. அழற்சி போனதும் கிட்டங்கிச் சாவி தானாகவே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். தொண்டைத் துளை மூடிக் குரல் வந்தபின் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: “எனக்கு எத்தன பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க?”

“ஒண்ணு.”

“ஒண்ணுதானா?” முகம் தொங்கிவிட்டது. நாற்பத்தொரு நாள் படுத்துக் கிடந்ததற்கு ஒன்று என்றால் யாரிடம் சொல்வது?

ஊரில் இப்போது கதை வேறு மாதிரி. “நாலு பாட்டில் ரத்தம் ஏத்தித்தான் நான் பொழச்சேன், அதுவும் எங்கண்ணன் மகன் ரத்தம்,” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பையில் இருந்த தேதி வேறு, அவன் கொடுத்த தேதி வேறு என்று நான் ஒருமுறை ஆரம்பித்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். போன பொங்கலுக்கு மாமா மகன் வந்திருந்தான். கேஸ் அடுப்பில் சுவரொட்டி வதக்கி, இலையில் அவனுக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தார் அம்மா.

“தின்னு மருமகனே. என் ஒடம்புல ஓடுறது ஒன் ரத்தம்.”

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ரத்த வங்கியில் அவன் ரத்தம் யாருக்குப் போனது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அப்புறம், “இன்னும் கொஞ்சம் வைங்க அத்த,” என்று இலையை நகர்த்தினான்.